மாலை ஐந்தரை மணிக்கு ஒரு தொடுகோடு

பத்தாம் வகுப்புக் கணக்கில் தேற 35 மதிப்பெண் வேண்டும். அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர்கள் அதை விரல்விட்டுக் கூட்டுவார்கள். வடிவியலில் ஒரு கேள்வி, வரைபடத்தில் ஒரு கேள்வி, தலா எட்டு மதிப்பெண், ஆக 16. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. சேர்த்தால் 30. முதல் பாடத்தில், சார்பை அம்புக்குறிப் படமாகவும் அட்டவணையாகவும் காட்டச் சொல்லும் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. பையன் பாஸ். ஒரு மதிப்பெண்ணில் நாலைந்து சறுக்கினாலும் இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஒப்பேற்றிவிடலாம். முக்கோணவியல், நிகழ்தகவு பக்கமே போக வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், பிப்ரவரி மாத மாலையொன்றில், இந்தக் கணக்கு நடைமுறையாவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளி விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருந்த பதினோரு பேர். மேசைமேல் ஒரு தூக்கில் சுண்டல். ஆசிரியை தன் வீட்டில் வேகவைத்து எடுத்துவந்தது. கரும்பலகையில் 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள். அந்த மாதத்தில் எத்தனையாவது முறை என்று கேட்டேன். "எண்றத விட்டுட்டேன் சார்" என்றார்.

ஒரு பையன் அச்சுப்போல வரைந்தான். மையக்குத்துக்கோடு, வில், தொடுகோடு எல்லாம் கச்சிதம். அளந்து 7.4 செ.மீ. என்று எழுதினான். சரிபார்த்தல் என்று தலைப்பிட்டு, 64-இலிருந்து 9 போக 55, அதன் வர்க்கமூலம் 7.4 என்றும் மளமளவென்று முடித்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். "அறுபத்து நாலுல ஒன்பது போனா எப்படிடா அம்பத்தஞ்சு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், ஆசிரியையைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான். கடன் வாங்கிக் கழிக்க அவனுக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்புக் கணக்கு அது.

அந்த ஆண்டு அவன் தேர்ச்சி பெற்றான். கணக்கில் 37.

தொழில் ஈடுபாடு பற்றி ஆய்வு செய்பவர் யாராவது அந்த ஆசிரியையிடம் வினாத்தாளை நீட்டியிருந்தால் உயர்ந்த மதிப்பெண்தான் விழுந்திருக்கும். பணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார், கைக்காசைச் செலவழிக்கிறார், மாணவர் பெயர்களெல்லாம் தெரியும், ஆறு பத்து பேருந்தை விட்டால் ஏழேகாலுக்குத்தான் அடுத்தது என்று தெரிந்தும் நிற்கிறார். ஈடுபாடு இருக்கிறதா இல்லையா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆறாம் வகுப்பில் அந்தப் பையன் இதே பள்ளியில்தான் சேர்ந்தான். இதே ஆசிரியைதான் கணக்கு எடுத்தார். அப்போது அவனுக்குக் கிடைக்காத அந்த மாலை நேரம், ஏன் பத்தாம் வகுப்பு பிப்ரவரியில் மட்டும் கிடைத்தது? என்னை உறுத்தியது இதுதான்.

கல்வியியலில் ஆசிரியரின் தொழில் ஈடுபாடு பற்றி ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. எம்.எட்., முனைவர் பட்டத்துக்காக எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாப்பட்டியல், சில நூறு ஆசிரியர்கள், பிறகு ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார் என்று பிரித்து டி சோதனை. 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்ற முடிவை எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியவில்லை. வேறுபாடு இல்லாமலிருப்பதில் வியப்பும் இல்லை. 'என் தொழிலை நான் நேசிக்கிறேன்' என்ற வாக்கியத்துக்கு நேராக, தலைமையாசிரியர் வழியாக வந்த படிவத்தில், 'உடன்படவில்லை' என்று எந்த ஆசிரியர் டிக் அடிப்பார்?

நாம் பயன்படுத்தும் சொல்லும் வழி மறிக்கிறது. 'அர்ப்பணிப்பு' என்றதும் மெழுகுவர்த்தி, ஏணி, தோணி என்று ஆசிரியர் தின மேடைப் பேச்சு தொடங்கிவிடும். தன்னை அழித்துக்கொள்கிறவரே நல்ல ஆசிரியர் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991-இல் முன்வைத்த பாகுபாடு இதைவிடப் பயன்படும். ஒருவர் வேலையில் நிலைத்திருக்க மூன்று காரணங்கள் இருக்கலாம் என்றார்கள். அந்த வேலை பிடித்திருப்பதால் இருப்பவர் ஒருவர். விட்டுப்போனால் இழப்பு அதிகம் என்பதால் இருப்பவர் இன்னொருவர். இருக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று நினைத்து இருப்பவர் மூன்றாமவர். ஒரே ஆளிடம் மூன்றும் கலந்தும் இருக்கும். முதலில் நிறுவனங்களுக்காகச் சொல்லப்பட்ட இதை 1993-இல் தொழில்களுக்கும் விரித்தார்கள். நம் ஊரில் 'கவர்மென்ட் வேலை, விடுவாங்களா?' என்று சொல்லும்போது இரண்டாவதைச் சொல்கிறோம். மேடையில் முதலாவதைப் பாராட்டுகிறோம்.

ஆனாலும் என் கேள்விக்கு இந்தப் பாகுபாடு பதில் தரவில்லை. அதற்கு 1991-இலிருந்து இன்னும் பதினாறு ஆண்டு பின்னால் போக வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் 'ஸ்கூல்டீச்சர்' என்ற நூலை வெளியிட்டார். பாஸ்டன் வட்டாரத்து ஆசிரியர்களை நேர்கண்டும், ஃபுளோரிடாவின் டேட் மாவட்ட ஆசிரியர்களிடம் கணக்கெடுத்தும் எழுதியது. ஆசிரியர் தொழிலில் சம்பளமும் பதவி உயர்வும் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே ஏணிதான். நன்றாகப் பாடம் நடத்துபவருக்கு அதில் தனிப்படி கிடையாது. எனவே அவர்கள் தேடுவது மனநிறைவு: 'இந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது எட்டியது' என்ற அறிதல். ஆனால் எட்டியதா என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலில் ஆகக் கடினம். தச்சர் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிடலாம். ஆசிரியர் எதை ஆட்டிப் பார்ப்பது? ஏழாம் வகுப்பில் சொன்ன பின்னம் இவனுக்குள் போயிற்றா என்பது பல ஆண்டு கழித்துத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். இந்த நிச்சயமின்மை தொழிலின் உடன்பிறப்பு என்றார் லார்ட்டி.

பலன் தெரியாத இடத்தில் மனிதர் நெடுநாள் உழைப்பதில்லை; பலன் தெரிகிற இடத்துக்கு நகர்ந்துவிடுவார். தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளியில் பலன் பளிச்சென்று தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: மே மாதம் வருகிற பத்தாம் வகுப்பு முடிவு. 2024-இல் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு, 2025-இல் 93.80. மாநிலத்தின் எண் வந்த ஒரு மணி நேரத்தில் மாவட்டத்தின் எண், பள்ளியின் எண், கடைசியில் ஆசிரியர் பெயருக்கு நேராக ஓர் எண். 2017-இல் முதல் மூன்று இடம் பிடித்தவர்களை அறிவிப்பதை அரசு நிறுத்தியது, நல்ல முடிவு. மாணவருக்கு நின்ற தரவரிசை ஆசிரியருக்கு நிற்கவில்லை. பாடவாரியான தேர்ச்சிப் பகுப்பாய்வு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் (சி.இ.ஓ.) அலுவலகத்துக்குப் போகும். குறைந்தவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும், எழுத்திலும் கேட்பார்கள். நூறு விழுக்காடு காட்டியவர்களுக்குப் பாராட்டு விழாவும் கேடயமும்.

எட்டாம் வகுப்பு 'அ' பிரிவில் எத்தனை பேருக்குத் தப்பில்லாமல் ஒரு பத்தி படிக்க வரும் என்ற கேள்விக்கு இப்படிக் கூட்டம் கூடியதாகப் பல ஆண்டுகள் நான் கேள்விப்படவில்லை.

அந்தக் கேள்வியின் கனம் சிறிதல்ல. கற்றல் நிலையை ஆய்வு செய்யும் 'அசர்' அமைப்பு 2023-இல் பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களைப் பார்த்தது. 28 மாவட்டங்கள், அவற்றில் பெரம்பலூரும் ஒன்று. நாடு தழுவிய அந்த மாதிரியில் ஏறத்தாழ நான்கில் ஒருவரால் தம் மொழியில் இரண்டாம் வகுப்பு அளவிலான பகுதியைச் சரளமாகப் படிக்க முடியவில்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் யாரும் இதைக் கேட்டு அதிரமாட்டார். 'நாங்க தினம் பாக்கறதுதானே' என்பார்.

ஆறு முதல் பத்து வரை ஒரு பிரிவு வீதம் உள்ள சிறிய உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்பு, ஐந்து பாடம், ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள், ஒரு தலைமையாசிரியர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று ஒரு வகுப்பு அனாதை. அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரி பிறந்ததும் பள்ளியின் மொத்த எடையும் பத்தாம் வகுப்புப் பக்கம் சாயும். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, திருப்புதல் தேர்வு ஒன்று, இரண்டு, மூன்று. பி.இ.டி. பீரியட் கணக்குக்குப் போகும், ஓவிய பீரியட் அறிவியலுக்குப் போகும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் 'படித்துக்கொண்டு' இருப்பார்கள். ஏப்ரலில் ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குக் கிளம்பிவிடுவார்கள். கீழ்வகுப்புகள் இழந்த நாட்களை யாரும் சேர்த்து எழுதுவதில்லை. தனியார் பள்ளிகள் பலவற்றில் இது இன்னும் ஒரு படி மேலே போய், ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததே பிள்ளைக்குத் தெரியாமல் போகும்.

இதில் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்க மூன்று மாதம் மெனக்கெட்டால் அதைக் காண ஆளில்லை. அவருக்கே நிச்சயமாகத் தெரிய வழியில்லை. அதே மூன்று மாதத்தைப் பத்தாம் வகுப்பில் தொடுகோட்டுக்குப் போட்டால் மே மாதம் ஒரு பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். இரண்டில் எதை எடுப்பீர்கள்?

ஆள் எந்த நிலையில் வகுப்புக்குள் நுழைகிறார் என்பதும் இதோடு சேர்ந்தது. பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டாண்டாகிவிட்டது. பட்டப்படிப்பு மூன்று, பி.எட். இரண்டு, இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒருவர் தயார். அதன்பிறகு தொடங்குவதுதான் காத்திருப்பு. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் 'டெட்' 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448. நூற்றைம்பது கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். கூச்சல் எழுந்ததும் அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி வைத்தார்கள். 2013 தேர்வில் தேறியவர்களில் பெரும்பகுதியினர் வேலையின்றிக் காத்திருக்க, 2018-இல் அரசாணை 149 வந்தது: டெட் தேறினால் போதாது, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2020-இல் வயது உச்சவரம்பு பொதுப் பிரிவினருக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்றாயிற்று. 2023-இல் அது 53, 58 என்று உயர்ந்தது. ஓய்வு வயது 60. ஐம்பத்தேழு வயதில் பணி ஆணை வாங்கி, சேவைப் பதிவேட்டின் முதல் சில பக்கங்களோடு வீட்டுக்குப் போகிறவரும் சட்டப்படி சாத்தியம்.

இந்த இடைப்பட்ட பத்துப் பதினைந்து ஆண்டு அவர் எங்கே இருப்பார்? மெட்ரிக் பள்ளியில் சொற்பச் சம்பளத்தில். ஜவுளிக்கடை பில் கவுன்டரில். டெட் கோச்சிங் சென்டரில், முதலில் மாணவராக, பிறகு ஆசிரியராக. அரசுப் பள்ளியில் 'தற்காலிகமாக' இருந்தாலும் இருப்பார். 2022-இல் 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நிரப்ப அரசு முடிவெடுத்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் ரூ.10,000 என்று நிர்ணயித்தது. லார்ட்டியின் நூலில் இன்னொரு கருத்து உண்டு: ஆசிரியர் தாம் மாணவராக உட்கார்ந்து பார்த்த ஆசிரியர்களிடமிருந்தே தொழிலைக் கற்கிறார் என்று. நம் ஊரில் அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தேர்வு என்றால் என்ன, தேர்வு மனிதனை என்ன செய்யும் என்பதை இவர் பத்தாண்டு தன் உடம்பால் கற்றுவிட்டுத்தான் வகுப்புக்குள் வருகிறார். அவரிடம் போய் 'மதிப்பெண்ணைப் பார்க்காதே, கற்றலைப் பார்' என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

உள்ளே வந்தவருக்கும் தேர்வு முடிந்தபாடில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், கல்வி உரிமைச் சட்டம் வருமுன் பணியில் சேர்ந்தவர்களே ஆனாலும், இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. தவறினால் கட்டாய ஓய்வு. ஒன்று முதல் எட்டாம் வகுப்புக்கான தகுதி இது என்றாலும், ஆறு முதல் பத்து வரை ஒரே பட்டதாரி ஆசிரியர் எடுக்கும் நம் அமைப்பில் உயர்நிலைப் பள்ளி ஓய்வறை முழுவதையும் இது தாக்கியது. தமிழக அரசும் சங்கங்களும் மறுஆய்வு கேட்டன. சட்டத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் இருபது ஆண்டு அறிவியல் நடத்தியவர் பையில் 'குழந்தை மேம்பாடும் கற்பித்தலும்' கைடோடு மதிய உணவு நேரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்த நேரத்தில் அவர் திருத்தாமல் போன எட்டாம் வகுப்பு நோட்டுகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

சம்பளம் பற்றிப் பேசாமல் போனால் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் விடமாட்டார்கள். 'இவ்வளவு சம்பளம் வாங்கிக்கிட்டு...' என்ற வாக்கியம் டீக்கடையிலிருந்து தலையங்கம் வரை ஓடுவது. சம்பளத்துக்கும் கற்பித்தலுக்கும் உள்ள உறவை இந்தோனேசியா பெரும் செலவில் சோதித்துப் பார்த்தது. 2005 சட்டத்தின்படி சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு நிகரான படி; வருமானம் ஏறத்தாழ இரு மடங்கு. 360 தொடக்க, இளநிலை இடைநிலைப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வெளியானது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, பணக்கஷ்டம் குறைந்தது, பக்கவேலை பார்ப்பது குறைந்தது. பிள்ளைகளின் கற்றல் அசையவே இல்லை. சம்பளம் கூட்டினால் பாடம் தானாக நடக்கும் என்பவர்களுக்கு இது பதில். 'அப்படியானால் குறைத்துவிடலாமே' என்று துள்ளுபவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. அந்தச் சோதனை குறைத்துப் பார்க்கவில்லை.

குறைத்துப் பார்த்த சோதனை நம்மிடமே உண்டு. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு நியமித்தது. மாதம் ரூ.5,000, வாரம் மூன்று அரை நாள், மே மாதம் சம்பளம் இல்லை. ஒரு டஜன் ஆண்டில் அது ரூ.12,500 ஆயிற்று, பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் உட்காருவதும் போலீஸ் வேனில் ஏற்றப்படுவதும் ஆண்டுச் சடங்காகிவிட்டன. சிறிய பள்ளி ஓய்வறையில் இன்று குறைந்தது மூன்று சாதி ஆசிரியர்கள் இருக்கிறார்கள்: 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்து பழைய ஓய்வூதியத்துக்கு உரியவர், அதன்பின் சேர்ந்து பங்களிப்புத் திட்டத்தில் மாட்டிக்கொண்டவர், மே மாதச் சம்பளமே இல்லாமல் நியமிக்கப்பட்டவர். மூவரும் ஒரே டீயைக் குடிக்கிறார்கள். மூவரிடமும் ஒரே 'அர்ப்பணிப்பை' எதிர்பார்க்கிறோம்.

ஓய்வூதியம் மாறிய அதே 2003-இன் ஜூலை வேலைநிறுத்தத்தை நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய எந்த ஆசிரியரும் மறந்திருக்கமாட்டார். ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்றது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் திரும்பினார்கள். அன்று எழுதிக் கொடுத்த ஒருவர் பிறகு என்னிடம் சொன்னது: "வேலை திரும்பக் கிடைச்சுது. அதுக்கப்புறம் வேலைய மட்டும்தான் பாத்தேன்." மேயரும் ஆலனும் சொன்ன முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஒருவர் இறங்கும் ஓசை இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியர் பள்ளிக்கே வருவதில்லை என்ற குற்றச்சாட்டையும் பார்த்துவிடலாம், நீட்டத் தேவையில்லை. மைக்கேல் கிரமரும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் இந்திய அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தபோது நான்கில் ஓர் ஆசிரியர் இல்லை. உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட எண் அது. 2017-இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்தது. 18.5 விழுக்காட்டினர் பள்ளியில் இல்லை. ஆனால் காரணமின்றி வராதவர்கள் 2.5 விழுக்காடுதான். மற்றவர்கள் விடுப்பில், பயிற்சியில், அரசு வேலையில். இரண்டும் உயர்நிலைப் பள்ளியைப் பற்றியவை அல்ல. எங்கள் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஆள் வராமலிருப்பது அரிது. வந்த ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதே கேள்வி. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்விசாரா வேலையில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 'கல்வி சார்ந்த' வேலையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை, ஓட்டை அங்கேதான். கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் வருகைப்பதிவு, காலணி அளவு, வங்கிக் கணக்கு, ஆதார், உயரம், எடை, போட்டி முடிவுகள், படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டதற்கான படிவம். எல்லாம் கல்வி சார்ந்ததே. சிக்னலுக்காக ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆசிரியரைப் பார்க்காத பிள்ளை அரசுப் பள்ளியில் இருக்க முடியாது.

ஈடுபாடு காலப்போக்கில் என்னாகிறது என்று பார்க்க, இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் டே குழுவினர் 100 பள்ளிகளைச் சேர்ந்த 300 ஆசிரியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் அறிக்கை தந்தார்கள். பணிக்காலத்தை முதல் மூன்றாண்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு மேல் வரை ஆறு கட்டங்களாகப் பிரித்தார்கள். அனுபவம் ஏற ஏற ஈடுபாடும் ஏறும் என்ற நம்பிக்கை பொய்த்தது; பிற்காலக் கட்டங்களில் தளர்வுக்கான வாய்ப்பு கூடுதல். ஈடுபாடு குன்றாதவர்களிடம் படித்த பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தார்கள். குன்றாமல் காத்தது எது என்று பார்த்தால் தலைமையாசிரியரின் ஆதரவு, சக ஆசிரியர்கள், வீட்டு நிலைமை. பெரிய கண்டுபிடிப்பு இல்லைதான். எச்.எம். சரியில்லை என்று மாறுதல் கலந்தாய்வில் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போகிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்களே.

கலந்தாய்வு என்றதும் 2018 ஜூன் நினைவுக்கு வருகிறது. திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், மாறுதல் ஆணை பெற்ற இளம் ஆங்கில ஆசிரியரைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் கதறிய படம் நாட்டையே சுற்றியது. பெற்றோர்கள் பள்ளிக்கு வந்து நின்றார்கள். மாறுதல் சில நாள் தள்ளிவைக்கப்பட்டது. அவரது முதல் பணியிடம் அது. ஊடகங்கள் அவருடைய குணத்தைப் பேசின. நான் வேறொன்றைப் படித்துக்கொண்டேன். அன்று அழுதவர்கள் பொதுத்தேர்வை முடித்துவிட்டுப் போனவர்கள் அல்லர். இன்னும் அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். தேர்ச்சி விழுக்காட்டில் இன்னும் இடம் பெறாதவர்கள். அவர் செய்த வேலை எந்தப் பகுப்பாய்வுப் படிவத்திலும் பதிவாகாத இடத்தில் நடந்திருக்கிறது. பிள்ளைகள் அழுததால்தான் அது வெளியே தெரிந்தது.

2025-இல் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்காக 'திறன்' என்ற திட்டம் தொடங்கியிருக்கிறது. கீழ்வகுப்புகளின் பக்கம் அதிகாரிகளின் பார்வை திரும்பியிருப்பது நல்லது. ஆனால் பார்வை திரும்பினால் படிவமும் திரும்பும். திறன் தேர்வில் தேறியவர் எத்தனை விழுக்காடு என்று ஆய்வுக் கூட்டத்தில் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து அதற்கும் ஒரு 16 கூட்டல் 14 கணக்கு பிறந்துவிடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. பலன் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; மேலே அனுப்புவதற்காக இல்லாமல் அவர் பார்ப்பதற்காக. இப்படி ஓர் அளவுகோலை அரசாணை போட்டு உண்டாக்க முடியுமா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

அந்தத் தொடுகோட்டு ஆசிரியையை அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடி பார்த்தேன். பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்ந்திருந்தான். அவனைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு அவர் பீரோவிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். அட்டையில் 'ஆறாம் வகுப்பு' என்று மட்டும் இருந்தது. பிள்ளைக்கு அரைப்பக்கம். பெயருக்குக் கீழே பென்சிலில் குறிப்புகள்: '7, 8 வாய்ப்பாடு இல்லை', 'வகுத்தல் தெரியும், ஈவு எது மீதி எது குழப்பம்', 'கழித்தல், கடன் வாங்கத் தெரியாது'. சிலவற்றுக்குப் பக்கத்தில் தேதி, நீல மையில் ஒரு டிக். வாரம் இரண்டு நாள், மதிய உணவு முடிந்து மணி அடிப்பதற்கு முன் இருபது நிமிடம், நாலைந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்.

"நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, அறுபத்து நாலுல ஒன்பது. ரெண்டு நாள் தூக்கமில்ல சார்" என்றார்.

இந்த நோட்டு எச்.எம்.முக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சார், சொல்லிடாதீங்க. தெரிஞ்சா இதையும் எக்செல்ல கேப்பாங்க."

மணி அடித்தது. எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டும் என்று நோட்டை மூடி, மேலே இரண்டு பழைய வினாத்தாள் கட்டுகளை வைத்துப் பீரோவைப் பூட்டினார்.